பேய்ப் படத்துக்கு அர்த்தம் சொல்வது எப்படி: பிளாஷ்பேக்கிலிருந்து தொடங்குங்கள்

தர்மபுரியில் எம்.ஏ. ஆங்கில இலக்கியம் படிக்கும் ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: “தமிழ்ப் பேய்ப் படங்களை வைத்து ப்ராஜெக்ட் செய்கிறேன். கைடு ஃப்ராய்டை அப்ளை பண்ணச் சொல்கிறார். கூடப் படிப்பவர்கள், டைரக்டர் இதையெல்லாம் யோசித்தே இருக்க மாட்டார், பயமுறுத்திக் காசு பார்க்கும் படத்துக்கு எதற்கு இவ்வளவு என்கிறார்கள். எந்தத் தியரியை எடுப்பது? வரலாற்றை எங்கே கொண்டுவருவது?” எந்தத் தியரி என்பது இதில் மேலோட்டமான கேள்விதான். நான் சொல்லப்போகும் அர்த்தம் படத்தில் உண்மையிலேயே இருக்கிறதா, அல்லது நானாக ஏற்றிவிட்டதா, அதை எப்படித் தெரிந்துகொள்வது என்பதே உள்ளே இருக்கும் கேள்வி. அதற்குத்தான் பதில் சொல்லப் பார்க்கிறேன். கதை முடிவுகளைச் சொல்ல வேண்டியிருக்கும். படம் பார்க்காதவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இந்தப் பாடத்தை மாணவர்களோடு பல வருடமாகப் பேசிவருவதில் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. தமிழ்ப் பேய்ப் படத்தில் வரலாறு ஒளிந்திருக்கும் இடம் பிளாஷ்பேக். முதல் பாதியில் கதவு தானாகச் சாத்துவது, கொலுசுச் சத்தம், கண்ணாடியில் வேறு முகம் எல்லாம் பெரும்பாலும் ஒரு படத்திலிருந்து இன்னொரு படம் எடுத்துக்கொண்டவை. இடைவேளைக்குப் பிறகு வரும் பிளாஷ்பேக்கில்தான் அந்தப் படம் தன் காலத்தைக் காட்டிக்கொடுக்கும். அதனால் தியரிப் புத்தகத்தைத் தொடுவதற்கு முன் ஒரு தாளில் நான்கு கேள்விகளுக்கு மட்டும் பதில் எழுதுங்கள். செத்தது யார்? கொன்றது யார்? எதற்காகக் கொன்றார்கள்? படம் முடியும்போது அந்த வீடோ நிலமோ யார் கையில் இருக்கிறது? நான்காவது கேள்வியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

2011-ல் வந்த ‘காஞ்சனா’வை இந்த நான்கில் வைத்துப் பாருங்கள். செத்தவர் ஒரு திருநங்கை, அவரை வளர்த்த ஒரு முஸ்லிம் பெரியவர், அந்தப் பெரியவரின் மனவளர்ச்சி குன்றிய மகன். கொன்றது ஒரு எம்.எல்.ஏ. காரணம், ஆஸ்பத்திரி கட்ட காஞ்சனா வாங்கிய நிலம். முடிவில் அந்த நிலத்தில் ஆஸ்பத்திரி வருகிறது. இதை எழுதியதும் ஒன்று கண்ணில் படும்: பேய் பிடித்த இடம் இருண்ட பங்களா அல்ல, பட்டப்பகலில் பையன்கள் கிரிக்கெட் ஆடப் போகும் காலி மைதானம். பேய் வீட்டுக்கு வருவது ஸ்டம்ப் வழியாக, அதாவது அந்த மண்ணில் ஊன்றிய ஒரு குச்சி வழியாக. இத்தனையும் படத்திலேயே இருக்கிறது. நிலப் பறிப்பைப் பற்றிய படம் இது என்று சொல்ல உங்களுக்கு எந்தத் தியரியும் தேவைப்படவில்லை, கவனித்தால் போதும்.

தியரி தேவைப்படுவது இதற்கு அடுத்த கட்டத்தில். ஒவ்வொரு தியரியும் வெவ்வேறு கேள்வி கேட்கும் என்பதை மனதில் வைத்துக்கொண்டால் குழப்பம் வராது. இலக்கியக் கோட்பாட்டாளர் டோடரோவ் 1970-ல் எழுதியது தயக்கத்தைப் பற்றி: நடப்பதற்கு இயல்பான விளக்கம் உண்டா, அமானுஷ்யமா என்று பாத்திரமும் பார்வையாளரும் எவ்வளவு நேரம் முடிவு செய்ய முடியாமல் நிற்கிறார்கள்? உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய ஃப்ராய்டு 1919-ல் எழுதிய கட்டுரையின் கேள்வி, பழகிப்போன ஒன்று ஏன் திடீரென்று அச்சம் தருகிறது என்பது. திரைப்பட விமர்சகர் ராபின் வுட் 1979-ல் கேட்டது, ஒரு சமூகம் எதை அமுக்கி வைத்தது, அது எந்த உருவில் திரும்பி வருகிறது என்று. தத்துவ அறிஞர் நோயல் கரோல் 1990-ல் பயத்தோடு அருவருப்பும் சேர்ந்தால்தான் அது ஹாரர் என்றார். எந்த வகையிலும் அடங்காத உருவம்தான் அந்த அருவருப்பைத் தருகிறது என்பது அவர் வாதம். பிரெஞ்சுச் சிந்தனையாளர் கிறிஸ்தேவாவின் சிந்தனையை எடுத்து பெண்ணியத் திரைப்பட ஆய்வாளர் பார்பரா கிரீட் 1993-ல் கேட்டது, பெண் உடல் ஏன் திரும்பத் திரும்பப் பயங்கரமாகக் காட்டப்படுகிறது என்பது. ஒரு படத்துக்கு இதில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும். ஐந்தையும் போட்டால் எந்தக் கேள்விக்கும் முழுப் பதில் கிடைக்காது.

உங்கள் கைடு சொன்ன ஃப்ராய்டு தவறில்லை. ஆனால் ஆரம்பிப்பவர்களுக்கு டோடரோவ் நல்லது, ஏனென்றால் அவர் கேட்பதைக் கடிகாரம் வைத்து அளக்கலாம். ‘சந்திரமுகி’யில் மனநல மருத்துவர் விளக்கம் தருகிறார், படம் இயல்பான பக்கம் சாய்கிறது. ஆனாலும் மந்திரவாதியை வெளியே அனுப்புவதில்லை, மருத்துவரும் அவரும் சேர்ந்தே முடிவை நடத்துகிறார்கள். 2012-ல் வந்த ‘பீட்ஸா’ நேர் எதிர்த் திசையில் போகிறது: பார்த்த பேய்க் கதை முழுக்க நாயகன் கட்டிவிட்ட பொய் என்று தெரிந்து நாம் நிம்மதியாகும்போது, கடைசியில் அவனையே அப்படி ஒரு வீட்டுக்குள் அனுப்பிக் கதவைச் சாத்துகிறது. எந்த நிமிடத்தில் சந்தேகம் தொடங்குகிறது, எந்த நிமிடத்தில் விளக்கம் வருகிறது, அதை யார் வாயால் படம் சொல்ல வைக்கிறது என்று குறித்தாலே ஒரு அத்தியாயம் எழுதிவிடலாம். ஒரு எச்சரிக்கை: ‘சந்திரமுகி’யில் வரும் சிகிச்சையை மருத்துவம் என்று நினைத்து எழுதிவிடாதீர்கள். நோயாளிக்கு ஒரு கொலையை நடித்துக் காட்டிக் குணமாக்குவது திரைக்கதையின் தேவை, மனநல மருத்துவத்தில் அப்படி ஒரு முறை கிடையாது.

நம்மிடமே ஒரு கோட்பாடு இருக்கும்போது அதைத் தொடாமல் ப்ராஜெக்ட் முடிப்பது எனக்கு வருத்தம் தரும் விஷயம். உணர்ச்சிகள் உடலில் வெளிப்படுவதை (மெய்ப்பாடு) பற்றிப் பேசும் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அச்சம் பிறக்கும் இடங்களை நான்காகச் சொல்கிறது: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. தெய்வமும் பேயும் போன்ற வருத்தும் சக்திகள், மிருகம், திருடர், நம்மை ஆள்பவர். கடைசியில் இருப்பதைக் கவனியுங்கள். அதிகாரத்தில் இருப்பவன் பேயோடு ஒரே பட்டியலில் நிற்கிறான். இப்போது ஒரு வழக்கமான தமிழ்ப் பேய்ப் படத்தை நினைத்துப் பாருங்கள். முதல் பாதியில் நாம் அணங்குக்குப் பயப்படுகிறோம். பிளாஷ்பேக் முடியும்போது அந்தப் பயம் ஜமீன்தார், எம்.எல்.ஏ., ரியல் எஸ்டேட்காரர் மீது மாறிவிடுகிறது; பேயின் மேல் இரக்கம் வந்துவிடுகிறது. அணங்கிலிருந்து இறைக்கு, சில சமயம் கள்வருக்கு, அச்சம் இடம் மாறுவதுதான் அந்தப் படத்தின் அமைப்பு. கரோல் சொல்லும் பயமும் அருவருப்பும் சேர்ந்த கலவையைக்கூட அச்சம், இளிவரல் (இழிவாக உணர்வது) என்ற இரண்டு மெய்ப்பாடுகளாகப் பிரித்துப் பேசலாம். இளிவரலுக்கு அங்கே சொல்லப்படும் காரணங்கள் மூப்பு, பிணி, வருத்தம், மென்மை. கரோல் சொல்வதும் இதுவும் ஒன்றல்ல. எங்கே விலகுகிறது என்று காட்டினால் அதுவே உங்கள் சொந்தப் பங்களிப்பு ஆகும். நம் ஊர்ப் பேய்ப் படத்தில் அச்சத்தோடு நகை, அதாவது சிரிப்பு, ஏன் இவ்வளவு சுலபமாக ஒட்டிக்கொள்கிறது என்ற கேள்வியும் இங்கே கேட்கத்தக்கதுதான்.

மேற்கத்தியக் கோட்பாடு பொருந்தாமல் போகும் இடம்தான் அதிகம் கற்றுத்தரும். வுட் சொல்லும் வாய்ப்பாட்டில் இயல்பு வாழ்க்கையை ஒரு அரக்க உரு அச்சுறுத்துகிறது. வழக்கமான படங்கள் அதை அடக்கி, இயல்பைத் திரும்ப நிறுவி முடியும். ‘காஞ்சனா’வின் முடிவு அப்படி இல்லை. பழி தீர்ந்த பிறகும் காஞ்சனா நாயகன் உடம்பிலேயே தங்குகிறாள், தேவைப்படும்போது உதவ. விரட்டப்பட வேண்டியது குடும்பத்துக்குக் காவலாகிவிடுகிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு இது புதிதல்ல. ஆநிரை மீட்கும்போதோ ஊரைக் காக்கும்போதோ வெட்டுப்பட்டுச் செத்தவனுக்கு நட்ட நடுகல்லை, பெயர் மறந்த பிறகும், வேடியப்பன் என்று இன்றும் கும்பிடுகிற ஊர்கள் உங்கள் மாவட்டத்தில் இருக்கின்றன. அகாலமாக, வன்முறையால் இறந்தவர் தெய்வமாவதைப் பற்றி நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1985-ல் ஒரு முக்கியமான கட்டுரை எழுதியிருக்கிறார். வுட்டின் வாய்ப்பாட்டைவிட இந்த வடிவம் ‘காஞ்சனா’வுக்கு நன்றாகப் பொருந்துகிறது என்பது என் கருத்து. அந்தப் படம் நடுகல் வழிபாட்டிலிருந்து பிறந்தது என்று மட்டும் எழுதாதீர்கள். நடுகல் வீரன் தெரிந்தே சண்டைக்குப் போனவன், காஞ்சனா கொலை செய்யப்பட்டவள். இரண்டுக்கும் வடிவ ஒற்றுமை உண்டு என்பதோடு நிறுத்துவதுதான் நேர்மை.

இதே எச்சரிக்கை ‘பேய் பிடித்தல்’ விஷயத்தில் இன்னும் அதிகம் தேவை. படத்தில் வருவது நாட்டுப்புற நம்பிக்கை என்று ஒரு வரியில் எழுதிவிடுகிறார்கள். மானிடவியலாளர் இசபெல் நபோகோவ் தென்னார்க்காட்டுப் பகுதியில் களப்பணி செய்து 2000-ல் வெளியிட்ட நூலைப் படித்தால் விஷயம் தலைகீழாகத் தெரியும். அங்கே பேய் பிடிப்பது பெரும்பாலும் புதிதாகக் கல்யாணமான பெண்களை. பிடிப்பது பெரும்பாலும் ஆசை நிறைவேறாமல், பலரும் தற்கொலை செய்துகொண்டு, செத்த வாலிபர்கள். உச்சி முடியைப் பிடுங்கிப் புளியமரத்தில் ஆணி அடிப்பதோடு அந்தச் சடங்கு முடிகிறது. சினிமாவில் பேய் பெரும்பாலும் பெண், அவளுக்கு வேண்டியது ஆசை அல்ல, நீதி. அப்படியானால் சினிமாப் பேயின் முன்னோர் யார்? பழையனூர் நீலியைத்தான் நான் சொல்வேன். கணவனால் கொல்லப்பட்ட பெண் மறுபிறப்பில் அவனைத் தேடி வருகிறாள், கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நானே இவன் மனைவி என்று சபையில் வழக்காடுகிறாள். வேளாளர் எழுபது பேர் அவளை நம்பி அவனுக்குப் பிணை நிற்கிறார்கள். அவன் செத்துக் கிடப்பதைக் கண்டதும் சொன்ன சொல்லுக்காகத் தீயில் இறங்குகிறார்கள். பேய் வழக்குத் தொடுக்கிறது, ஊர் தீர்ப்புச் சொல்கிறது. இது பிளாஷ்பேக் சினிமாவின் எலும்புக்கூடு. புளியமர ஆணியைப் படத்தில் பார்த்தால் சடங்கைப் பற்றி எழுதுங்கள், பழிவாங்கலைப் பார்த்தால் நீலியைப் பற்றி எழுதுங்கள். இரண்டையும் கலந்து ‘கிராமிய நம்பிக்கை’ என்று ஒரே மூட்டையாகக் கட்ட வேண்டாம்.

ஒரு சின்ன விஷயத்தை எடுத்து எப்படிச் சோதிப்பது என்று காட்டுகிறேன்: விரிந்த கூந்தல். கிரீட் வழியில் போனால் அது அடங்காத பெண் உடலின் அடையாளம். உங்கள் பக்கத்துத் தெருக்கூத்தைப் பார்த்து வளர்ந்தவருக்கு அது திரௌபதியின் சபதம். துரியோதனன் படுகளத்தன்று மண்ணால் செய்த பெரிய உருவம் தரையில் கிடக்க, தொடை பிளந்து இரத்தம் எடுத்து, அதுவரை முடியாத கூந்தலை அவள் முடிவதோடு கூத்து நிறைவடையும். அங்கே விரிந்த கூந்தல் என்றால் தீராத கணக்கு. மூன்றாவதாக ஒரு வழியும் இருக்கிறது: 1998-ல் வந்த ஜப்பானியப் படமான ‘ரிங்கு’வுக்குப் பிறகு முகத்தை மறைத்துத் தொங்கும் ஈரக் கூந்தல் உலகம் முழுக்கப் பரவியது. இந்த மூன்றில் எது என்று சும்மா ஊகிக்க வேண்டியதில்லை. முகம் மூடியிருக்கிறதா, திறந்திருக்கிறதா என்று பாருங்கள். முகம் மூடி, உடல் கோணலாக, விட்டுவிட்டு அசைந்தால் ஜப்பானிய வழி என்று சந்தேகிக்கலாம். முகம் திறந்து, நெற்றியில் குங்குமம் பெரிதாக, கண் நேராகப் பார்த்து, உடுக்கையோ பம்பையோ ஒலித்தால் கூத்துக்கும் அங்காளம்மனுக்கும் பக்கத்தில் வருகிறது. பழி தீர்ந்ததும் கூந்தல் முடியப்படுகிறதா என்பது இன்னொரு சோதனை. ஒரே படத்தில் முதல் பாதி ஒருவிதமாகவும் கிளைமாக்ஸ் வேறுவிதமாகவும் இருந்தால் சந்தோஷப்படுங்கள். எழுத விஷயம் அங்கேதான் கிடைக்கும். காவேரிப்பட்டணத்து அங்காளம்மன் திருவிழாவான மயானக் கொள்ளையில் மாசி வெயிலில் கூட்டத்தோடு நின்று காளி வேடத்தைப் பார்த்தவருக்கும், இருட்டு அறையில் லேப்டாப்பில் பேய் பார்த்தவருக்கும் பயம் ஒன்றுபோல இருக்காது.

இனி வரலாறு. இதில் உறுதியின் அளவு படத்துக்குப் படம் மாறும். மிக உறுதியான உதாரணம் ஜப்பானின் ‘கோஜிரா’ (ஆங்கிலத்தில் ‘காட்ஜில்லா’). 1954 மார்ச் 1 அன்று பிகினி தீவில் அமெரிக்கா வெடித்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல் ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகின் மேல் விழுந்தது. படகில் இருந்த 23 பேரும் பாதிக்கப்பட்டார்கள், ரேடியோ இயக்குபவர் செப்டம்பரில் இறந்தார். படம் நவம்பர் 3-ல் வெளியானது, ஒரு படகு கடலில் ஒளி வெள்ளத்தில் எரிந்து மூழ்குவதோடு தொடங்குகிறது. நிகழ்ச்சி, தேதி, காட்சி மூன்றும் ஒரே பக்கம் காட்டுகின்றன. இது ஒரு முனை. மறுமுனையில் 1956-ல் வந்த ‘இன்வேஷன் ஆஃப் தி பாடி ஸ்னாட்சர்ஸ்’: மனிதர்கள் உணர்ச்சியற்ற நகல்களாக மாறுவதைக் கம்யூனிஸப் பயம் என்றும் படிக்கிறார்கள், கம்யூனிஸ்டுகளை வேட்டையாடிய மெக்கார்த்தி காலத்தின் மந்தைத்தனம் என்றும் படிக்கிறார்கள். ஒன்றுக்கொன்று நேர் எதிரான இரண்டும் அந்தப் படத்தில் நிற்கும். அதனால் அங்கே ‘இதுதான் பொருள்’ என்று எழுதினால் தப்பு; இரண்டுக்கும் இடம் தரும்படி படம் எப்படி அமைந்திருக்கிறது என்று எழுதுவதே சரி. போதாக்குறைக்கு அதன் தொடக்கமும் முடிவும் ஸ்டுடியோ வற்புறுத்திச் சேர்த்தவை. முடிவை வைத்து இயக்குநரின் அரசியலைச் சொல்வதற்கு முன், முடிவை வைத்தது யார் என்று பாருங்கள்.

‘டைரக்டர் யோசித்தே இருக்க மாட்டார்’ என்ற உங்கள் நண்பர்களுக்குப் பதில் 1968-ல் வந்த ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’டில் இருக்கிறது. நாயகனாக நடித்தவர் கறுப்பினத்தவர். கதாபாத்திரத்தை அப்படி நினைத்து எழுதவில்லை, நடிப்புத் தேர்வில் அவர்தான் சிறப்பாகச் செய்தார் என்று இயக்குநர் ரொமேரோவே சொல்லியிருக்கிறார். ஆனால் இரவெல்லாம் பிணங்களிடமிருந்து தப்பித்தவனைக் காலையில் துப்பாக்கிக் கூட்டம் சுட்டுக் கொல்கிறது. அதன் பிறகு வரும் அசையாப் படங்களில் அவன் உடலைக் கொக்கிகளோடு வந்து இழுத்துப்போய் எரிக்கிறார்கள். அந்தப் படங்கள் பழைய செய்தித்தாள் புகைப்படம் மாதிரி புள்ளி புள்ளியாக இருக்கின்றன. மார்ட்டின் லூதர் கிங் அந்த ஆண்டு ஏப்ரல் 4-ல் கொல்லப்பட்டார், படம் அக்டோபரில் வந்தது. யாரும் திட்டமிடாமலேயே அந்த முடிவுக்கு அமெரிக்காவில் ஒரு பொருள் வந்துவிட்டது. நோக்கம் ஒரு சான்று, அவ்வளவுதான். அதுவே தீர்ப்பு ஆகாது. இதை அமெரிக்க விமர்சகர்கள் விம்சட்டும் பியர்ட்ஸ்லியும் 1946-லேயே வாதிட்டார்கள், உங்கள் பாடத்திட்டத்திலும் அநேகமாக இருக்கும். ஆனால் ‘கிங் கொலையைப் பற்றி எடுத்த படம்’ என்று மட்டும் எழுதாதீர்கள். கொலை நடந்தபோது படம் எடுத்து முடிந்திருந்தது.

பின்னால் நடந்ததை வைத்து முன்னால் வந்த படத்தைப் படிப்பதுதான் இந்தத் துறையின் பழைய நோய். ஜெர்மன் திரைப்பட விமர்சகர் கிராகவர் 1947-ல் எழுதிய புகழ்பெற்ற நூல், 1920-ல் வந்த ‘டாக்டர் காலிகாரி’ முதலான ஜெர்மன் படங்களில் ஹிட்லருக்கான மனநிலையைக் கண்டது. காலிகாரி கதைக்கு வெளியே கதை சொல்பவனே பைத்தியம் என்று காட்டும் ஒரு பைத்தியக்கார விடுதிச் சட்டகத்தைப் பிறகு ஒட்டவைத்ததால் அதிகாரத்தை எதிர்த்த படம் அடங்கிப்போன படமாகிவிட்டது என்பது அவர் வாதத்தின் ஒரு தூண். பிற்காலத்தில் கிடைத்த மூலத் திரைக்கதைப் பிரதியிலேயே வேறொரு சட்டகக் கதை இருந்தது. அந்தத் தூண் ஆட்டம் கண்டுவிட்டது. நூல் இன்றும் படிக்க வேண்டியதுதான், ஆனால் 1933-ல் நடந்தது 1920-க்குத் தெரியாது.

இந்த ஒழுங்கைத் தமிழ்ப் படத்திலும் காக்க வேண்டும். ‘காஞ்சனா’ வெளியானது 2011 ஜூலை 22. நில அபகரிப்புத் தடுப்புச் சிறப்புப் பிரிவுகளை அமைக்கும் அரசாணை வந்தது அதே மாதக் கடைசியில். அதனால் அரசாணையின் தாக்கத்தில் வந்த படம் என்று எழுத முடியாது. இரண்டும் ஒரே காலப் பேச்சிலிருந்து வந்தவை என்று எழுதலாம். திருநங்கையர் நல வாரியம் 2008-ல் அமைந்தது, அது படத்துக்கு முன்னால், ஆகவே பின்னணியாகச் சொல்லலாம். மூன்றாம் பாலின உரிமை பற்றிய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 2014 ஏப்ரலில்தான் வந்தது, அதைப் பின்னணியாகச் சொன்னால் உங்கள் வாதமே கெட்டுவிடும். சென்சார் சான்றிதழ் படத்தின் தொடக்கத்தில் சில நொடி வரும். பாஸ் செய்து தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தேதிக்குப் பின் நடந்தது எதுவும் ‘காரணம்’ ஆகாது. பணக் காரணங்களையும் விடாதீர்கள். தமிழ்த் தலைப்புக்கு 2006-ல் கேளிக்கை வரி விலக்கு வந்தது. 2011-ல் ‘யு’ சான்றிதழும் வேண்டும் என்று விதி இறுகியது. அந்தக் காலப் படத்தில் இரத்தம் குறைந்து காமெடி கூடியிருந்தால், சமூக மனதின் அமுக்கத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் வரியையும் ஒரு காரணமாகப் பரிசீலியுங்கள். கதை முழுக்க ஒரே பங்களாவில் நடந்தால், ஒரே லொகேஷன் என்றால் செலவு குறைவு என்பதையும்.

வேலையை எப்படிச் செய்வது என்று கேட்டால், படத்தை மூன்று முறை பாருங்கள். முதல் முறை நிறுத்தாமல், நோட்டு இல்லாமல். இரண்டாம் முறை நோட்டில் ஐந்து கட்டம் போட்டு: நிமிடம், இடம், பேயைப் பார்ப்பவர், பார்க்காதவர் அல்லது நம்பாதவர், ஒலி. ஒலியைத் தனியாக எழுதச் சொல்வதற்குக் காரணம், பயம் பெரும்பாலும் காதில்தான் வருகிறது. இசை நின்று மௌனம் எத்தனை நொடி என்பதை யாரும் குறிப்பதில்லை. மூன்றாம் முறை இடைவேளைக்கு முன்னும் பின்னும் பத்துப் பத்து நிமிடமும், பிளாஷ்பேக் முழுவதும், கடைசி பத்து நிமிடமும் மட்டும், ஒருமுறை ஒலியை அணைத்துவிட்டு. நாற்பது பக்க ப்ராஜெக்டுக்கு ஒரு படம், ஒரு கருத்தாக்கம், நான்கு காட்சி போதும். டிவியில் வந்த பிரிண்டும் யூடியூபில் யாரோ ஏற்றிய பிரிண்டும் வெட்டுப்பட்டிருக்கும், ஓடும் நேரத்தைச் சான்றிதழோடு ஒப்பிடுங்கள். நீங்கள் கண்ட பொருளை இரண்டு கேள்வியால் சோதியுங்கள். கதைச் சுருக்கத்தால் விளக்க முடியாத ஏதாவது ஒன்றை, ஸ்டம்ப் மாதிரி ஒரு பொருளையோ பொருந்தாத ஒரு வசனத்தையோ, அது விளக்குகிறதா? அதற்கு எதிராகச் சாட்சி சொல்லும் காட்சி எது? இரண்டாவதற்குப் பதில் ‘எதுவும் இல்லை’ என்று வந்தால், உங்கள் வாசிப்பு எந்தப் படத்துக்கும் பொருந்தும் பொத்தாம் பொதுவான ஒன்று என்று அர்த்தம். ‘காஞ்சனா’வை முற்போக்குப் படம் என்று எழுதுபவர், அதே படத்தில் நாயகனின் பெண் பாவனையைச் சிரிப்புக்கு வைத்த காட்சிகளுக்குக் கட்டாயம் பதில் சொல்ல வேண்டும்.

ரீமேக் விஷயத்தில் மாணவர்கள் அடிக்கடி வழுக்குகிறார்கள். ‘சந்திரமுகி’யின் கதை 1993-ன் மலையாள ‘மணிச்சித்திரத்தாழ்’. 2004-ல் கன்னட ‘ஆப்தமித்ரா’, 2005-ல் தமிழ், 2007-ல் இந்தி ‘பூல் புலையா’. தமிழ்ச் சமூக மனம் என்று நீங்கள் எழுதும் காட்சி கேரளத்தில் எழுதப்பட்டிருக்கலாம். ஆகவே மாறாததை விட்டு, மாறியதைப் படியுங்கள். மலையாளத்தில் அந்த நாட்டியக்காரி தஞ்சாவூர்த் தமிழச்சி. கன்னடத்திலும் தமிழிலும் அவள் பேசுவது தெலுங்கு. இந்தியில் அவள் வங்காளி. இந்த நான்கு படத்திலும் ஆவி பேசுவது பக்கத்து வீட்டு மொழி. அரண்மனைக்காரன் வெளியூரிலிருந்து கொண்டுவந்த பெண் அவள். நான்கு படத்தையும் வைத்து இதை நிறுவலாம், ஊகம் தேவையில்லை. இதன் காரணம் என்ன என்பதில்தான் கருத்து வேறுபாடு வரும்: அண்டை மொழிக்காரர் மேல் இருக்கும் ஈர்ப்பும் அச்சமுமா, அல்லது கலைஞர்கள் அரண்மனை விட்டு அரண்மனை போன பழைய வரலாற்றின் எச்சமா. என் சாய்வு இரண்டாவது பக்கம், ஆனால் முதலாவதை மறுக்கப் போதுமான சான்று படங்களில் இல்லை.

படத்தை மட்டும் வைத்துக்கொண்டு எந்த வாசிப்பாலும் சொல்ல முடியாத ஒன்று, பார்த்தவர்கள் என்ன உணர்ந்தார்கள் என்பது. அதற்கு ஆட்களிடம்தான் போக வேண்டும், அதற்கு உங்கள் ஊர் வாய்ப்பான இடம். ஓசூர்ப் பக்கம் வீட்டில் தெலுங்கு பேசி வெளியில் தமிழ் பேசும் குடும்பங்கள் நிறைய. ஜோதிகா தெலுங்கில் பேசத் தொடங்கும் அந்த ஐந்து நிமிடக் காட்சியை வீட்டில் தெலுங்கு பேசும் பத்துப் பேருக்கும், தமிழ் மட்டும் பேசும் பத்துப் பேருக்கும் தனித்தனியாகப் போட்டுக் காட்டுங்கள். மூன்றே கேள்வி: எந்த இடத்தில் பயம் வந்தது, அவள் பேசியது என்ன, அவள் மேல் கோபமா பாவமா. ஆமாம், இல்லை என்று பதில் வரும் கேள்வி கேட்காதீர்கள், ‘மொழி வேறாக இருந்ததால் பயந்தீர்களா’ என்று எடுத்துக்கொடுக்கவும் கூடாது. அனுமதி வாங்கி போனில் பதிவு செய்து, பெயரை நீக்கி, அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். இருபது பேரை வைத்துத் தமிழ்நாட்டுக்கே முடிவு சொல்ல முடியாது, அதை ப்ராஜெக்டின் முதல் அத்தியாயத்திலேயே எழுதிவிடுங்கள். மெய்ப்பாட்டியலுக்கு இளம்பூரணர் உரை, பேராசிரியர் உரை இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள், தமிழ் இணையக் கல்விக்கழக நூலகத்தில் இலவசமாகப் படிக்கலாம். பழைய படங்களின் பாட்டுப் புத்தகங்களும் சினிமாப் பத்திரிகைகளும் தேவைப்பட்டால் சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. போகும் முன் என்னென்ன வேண்டும் என்று பட்டியல் எழுதி அவர்களிடம் கேட்டுவிட்டுப் போங்கள்.